மரநாய்க்கு வைத்த கேமரா

ரகு,

இந்தக் கடிதத்தை நாளைக்கு உன் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் வைக்கப்போகிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டுப் படி. முன்னாலேயே படித்தால் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவிடுவாய், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா? நேரிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். நேரில் வாயைத் திறந்தால் நான் அழுதுவிடுவேன், நீ "சரிம்மா, விடும்மா" என்பாய், இரண்டு பேரும் காபி குடிப்போம், பேச வந்த விஷயம் அதோடு போய்விடும். நம் வீட்டில் எத்தனை விஷயம் அப்படிக் காபியோடு போயிருக்கிறது! வாட்ஸப்பில் அனுப்பலாம் என்றால் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொண்டு படி.

நேற்று சாயங்காலம் ஷூவைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "அந்தக் காட்டு வேலைக்கு வரலைன்னு சொல்லிடப் போறேம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் யோசிக்க என்ன இருக்கு?" நான் "உன் இஷ்டம்டா" என்றேன். சொல்லும்போது குரலைச் சோகமாக வைத்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்றைக்குப் புதன்கிழமை. நீ தி.நகரில் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்து யாருடைய வரிக்கணக்கையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து உனக்குச் சொல்கிறேன்: போடா. சத்தியமங்கலம் மலையில் இரண்டு வருஷம், மரத்துக்கு மரம் கேமரா கட்டி எந்த மிருகம் எந்த வழியில் நடக்கிறது என்று பார்க்கும் வேலை. உனக்கென்றே செய்தது மாதிரி ஒரு வேலை. வருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிப் போடு. ஏன் ஒரே நாளில் இப்படி மாற்றிப் பேசுகிறாள் என்று உனக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

உன் அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. லிஃப்ட் இல்லாத வீட்டில் இரண்டாவது மாடி என்றால் என்ன என்று எனக்கு இந்தப் பதினான்கு மாதத்தில்தான் தெரிந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவள், மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர் குளம் வரைக்கும் காய்கறிப் பையோடு நடந்தே போய் நடந்தே வந்தவள், இப்போது ஹாலிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து பாத்ரூம், மறுபடி ஹால். பங்குனித் திருவிழாவின் மேளச் சத்தம் காற்றில் இங்கே வரைக்கும் வந்தது, நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கம்பியில் முகத்தை வைத்துக் கேட்டேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் பாதி வேப்பமரமும்தான் என் உலகம் என்று ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்ப்பேன் என்று நினைக்கிறாய்? நீ வரும் நேரம் ஆனதும்தான் எனக்கு மூச்சே வரும். நீ வந்தால் கதவு திறக்கும், வெளியே நடந்தது எல்லாம் உன்னோடு உள்ளே வரும். அப்படி இருக்கிற ஒருத்தி தன் பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ள என்னவெல்லாம் செய்வாள் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கீழேயிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தாய். "அம்மா! ஸ்கூட்டர் சீட்ல யாரு கக்கா போயிருக்காங்க தெரியுமா? உள்ள முழுக்க பப்பாளி விதை. மரநாய்மா! நம்ம காம்பவுண்ட்ல மரநாய் இருக்கு!" சீட்டில் அசிங்கம் செய்துவிட்டுப் போன ஜந்துவுக்காக ஒருவன் இப்படிக் குதிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். உன் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அந்த மலை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாய். சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மரநாய்ச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு கள்ளத்தனம் புகுந்தது. இவனுக்கு மிருகம்தானே பார்க்க வேண்டும்? இங்கேயே பார்க்கட்டுமே. ஆள் இல்லாமல் தானே படம் எடுக்கும் அந்த ட்ரெய்ல் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் ராத்திரி வருகிற மரநாயைக் காலையில் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடப்பான் என்று கணக்குப் போட்டேன். பிறந்தநாள் பரிசு என்று சொல்லிக் கொடுத்தேனே, அது பரிசே இல்லை. கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற கயிறு.

ஆனால் கயிறானாலும் நல்ல கயிறாக வாங்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன், அதை மட்டும் நம்பு. ஒரு வாரம் பகல் பூராவும் போனில் அதையேதான் பார்த்தேன். வீட்டோடு அடைபட்டுக் கிடப்பவளுக்கு வேறென்ன வேலை? ஒவ்வொருத்தன் ஒவ்வொன்று சொல்கிறான். கடைசியில் ராயப்பேட்டையில் பைனாகுலரும் சிசிடிவியும் விற்கும் கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரர் ஒரு பாய். நாலு நாளில் பதினோரு தடவை கூப்பிட்டிருப்பேன். பதினோராவது தடவை அவரே கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, நீங்க காட்டுக்கா போறீங்க? புலி கணக்கு எடுக்கப் போறீங்களா?"

"நான் பாத்ரூமுக்குப் போறதே பெரிய யாத்திரை பாய். இது என் பையனுக்கு."

"பையன் காட்டுக்குப் போறாரா?"

"போகக் கூடாதுன்னுதான் வாங்கறேன்."

"சரிம்மா, அது உங்க வீட்டு விஷயம்" என்றார். "பேட்டரி, கார்டு ரெண்டும் தனியா வாங்கணும். அத மட்டும் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

நல்ல மனிதர். அவரிடம் கற்றதையும் நானாகத் தெரிந்துகொண்டதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு உன் சொந்தக் காசில் இன்னொன்று வாங்கும்போது உதவும். டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மெகாபிக்சலை நம்பாதே. சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கிவிட்டு அந்த எண்ணைப் போட்டுக்கொள்கிறார்கள். நீ கேட்க வேண்டியது வேறு. மிருகம் முன்னால் வந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் படம் எடுக்கிறது? அதில் ஒரு நொடி தூங்கினாலும் உனக்கு வால்தான் கிடைக்கும். ஒரு படம் எடுத்தபின் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் மூச்சு வாங்குகிறது? குட்டி பின்னால் வருகிறதா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது. இருட்டில் சிவப்பாக மினுக்குகிற விளக்கு வைத்த கேமரா மலிவு, வெளிச்சமும் எட்டிப் போகும், ஆனால் மிருகத்துக்கும் மனிதத் திருடனுக்கும் அது கண்ணில் படும். விளக்கே தெரியாதது கொஞ்சம் கூட விலை, படமும் கொஞ்சம் மங்கல். நான் மங்கலையே எடுத்தேன். சிம் கார்டு போட்டுப் படத்தை உடனே போனுக்கு அனுப்புகிற கேமராவுக்கு ஆசைப்பட்டேன், பாய்தான் தடுத்தார். மாசாமாசம் தண்டம், டவர் இல்லாத இடத்தில் அது வெறும் டப்பா என்றார். உள்ளேயே சின்னத் திரை இருப்பதாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் எதை நோக்கிக் கட்டியிருக்கிறோம் என்றே தெரியாது. பழைய பேட்டரியையும் புதுப் பேட்டரியையும் கலந்து போடாதே, நீ டார்ச்சில் செய்கிற வேலையை இதிலும் செய்யாதே. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கேமராவை விலை கூடியதாக வாங்காதே. எங்கே கட்டுவது, எந்த உயரத்தில் கட்டுவது என்று தப்புச் செய்து கற்றுக்கொள்ளத்தான் முதல் கேமரா. அந்தத் தப்புகளை நான் உனக்கு முன்னாலேயே செய்துவிட்டேன்.

பின்பக்கம் சப்போட்டா மரத்தில் நீயே கட்டினாய். மறுநாள் நீ லேப்டாப்பில் கார்டைப் போட்டபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆயிரத்துச் சொச்சம் படம். அத்தனையும் என் பூப்போட்ட நைட்டி! வெயிலில் சூடேறிய துணி கொடியில் ஆட ஆட, ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்து அந்தக் கேமரா விடாமல் எடுத்துத் தள்ளியிருக்கிறது. நம் செல்வி, வீட்டு வேலைக்கு வருகிறவள், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னாம்மா, மரநாயிக்கு வெச்சா உன் நைட்டிதான் கீது!" நீயும் சிரித்தாய். ஆனால் பத்து நாள்கூட ஆகவில்லை, உனக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. கார்டை எடுக்கவே மறந்தாய். கொடியில் ஆடுகிற துணியைக் காட்டி ஒருவனை வீட்டில் உட்கார வைக்க முடியாது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. மலை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உன்னை வீடியோவில் கூப்பிட்டுப் பேசினார்கள், போன மாதம் உன்னைத் தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். எனக்குப் பதற்றம் தலைக்கேறியது. எப்படியாவது ஒரு நல்ல மரநாய்ப் படம் பிடித்து உனக்குக் காட்டிவிட வேண்டும் என்று செல்வியைக் கெஞ்சி, உன்னிடம் சொல்லாமல், கேமராவை முன்பக்கம் மாற்றினேன். கேட்டுக்கு உள்ளே, வேப்பமரத்தின் அடியில், பூந்தொட்டிகளுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில். நீ ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தை நோக்கி. அந்த ஜந்து திரும்ப அங்கேதானே வரும் என்று நினைத்தேன்.

வந்தது. ஒரே ஒரு படம். மதில் ஓரமாக, நீளமான வாலோடு, முகத்தில் முகமூடி போட்ட மாதிரி. எனக்கு நிஜமாகவே மெய்சிலிர்த்தது. முந்தாநாள், திங்கட்கிழமை மத்தியானம் அது. நீ கற்றுக்கொடுத்தபடி கார்டை லேப்டாப்பில் போட்டு, உன்னிடம் காட்டி அசத்திவிடலாம் என்று மற்ற படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பால்காரரின் கால். பூனை. செல்வியின் செருப்பு. அப்புறம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ, சாம்பல் நிற பேண்ட், மடியில் ஹெல்மெட். மரநாய்க்காகக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டியது, அதனால் கழுத்துக்கு மேல் இல்லை. இருந்தாலும் என் பிள்ளையின் முழங்கால் எனக்குத் தெரியாதா?

மீட்டர் பெட்டிக்குக் கீழே இருக்கிற சிமெண்ட் படியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். படத்தின் அடியில் நேரம் போட்டிருக்கிறது. ஆறு நாற்பத்தொன்றுக்கு உட்காருகிறாய். ஆறு ஐம்பத்தெட்டுக்கு ஒரு படம், ஹெல்மெட்டைக் கை மாற்றுகிறாய். ஏழு பன்னிரண்டுக்கு எழுந்திருக்கிறாய். அது அசைந்தால்தான் எடுக்கும் கேமரா, ரகு. நீ அசையாமல் உட்கார்ந்திருந்த நேரத்துக்குப் படமே இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஆபீஸ் உள்ள அத்தனை நாளும். மேலே வந்து என்னிடம் "அடையாறு சிக்னல்ல செம டிராஃபிக்மா" என்று சொல்வாயே, தி.நகரிலிருந்து மந்தைவெளிக்கு வர அடையாறு எதற்கு என்று ஒரு தடவையாவது நான் கேட்டேனா? ஒரே ஒரு படத்தில்தான் உன் தலை தெரிகிறது. ஹெல்மெட் மேல் நெற்றியை வைத்துக் குனிந்திருக்கிறாய். போன வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் நான் உன்னிடம் கொத்தமல்லி மறந்துவிட்டாய் என்று எரிந்து விழுந்தேன்.

செல்வி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை.

"தெனம் அங்கதாம்மா குந்திகினு இருக்கும். நான் வேல முடிச்சிட்டு எறங்கும்போது பாக்கறேனே. 'மேல போ நைனா, அம்மா காத்துகினு கீது'ன்னு ஒருவாட்டி சொன்னேன். 'அஞ்சு நிமிசம்க்கா'ன்னுச்சு."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? அதாண்ட கேப்ப. அப்பால அது அந்த அஞ்சு நிமிசத்தயும் வுட்டுட்டு நேரா மேல ஏறி வந்துடும். பாவம்மா. அது ஒண்ணுதான் அதுக்குன்னு கீது."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல், உன் மேல், அந்தப் பாழாய்ப்போன கேமராவின் மேல். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க ஒருவனுக்கு அரைமணி நேரம் தயார் ஆக வேண்டியிருக்கிறதா என்று பொருமினேன். அன்று சாயங்காலம் நீ வந்ததும் காபியை நங்கென்று வைத்தேனே, அதற்குக் காரணம் இதுதான். மறுநாள் நீ அந்த வேலை வேண்டாம் என்று சொல்லப்போவதாகச் சொன்னாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது என்றேன் இல்லையா? அந்த அப்பாடா ராத்திரி படுக்கிற வரைக்கும்கூட நிற்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் இனிமேல் இரண்டு வருஷம் இல்லை, நான் இருக்கிற வரைக்கும் தினமும் நீ கீழே அந்தப் படியில் உட்காருவாய், நான் மேலே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோனேன் ரகு.

இப்போது உனக்குத் தெரியாத இரண்டு விஷயம். நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம் மேட்டுப்பாளையத்தில் வனவியல் படிக்க இடம் கிடைத்தது. உன் அப்பா புதுப் பெட்டிகூட வாங்கி வந்துவிட்டார். கிளம்ப வேண்டிய காலையில் எனக்கு நெஞ்சு வலித்தது. நீங்கள் இருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். வெறும் வாயுதான் என்று டாக்டர் சொன்னார். சேர வேண்டிய நாள் போய்விட்டது. அப்புறம் நீ பி.காம். சேர்ந்தாய். எனக்கு அன்று வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை. உன் அப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். போகும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், திரும்பி வரும்போது ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே அழுது சொல்லியிருப்பேன்.

இரண்டாவது விஷயம் இதைவிடக் கேவலம். பிசியோதெரபிக்கு வருகிற அந்தப் பெண் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, எலும்பு நல்லா சேர்ந்துடுச்சு. கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில ஸ்டிக்கோட நீங்க தாராளமா படி இறங்கலாம். இறங்கித்தான் ஆகணும்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பையனிடம் மட்டும் சொல்லாதே, நானே இறங்கிக் காட்டி ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்று பொய் சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் நீ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கிறேன். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக என்னை நாற்காலியோடு நீயும் கீழ்வீட்டுக்காரரும் தூக்கி இறக்கியிருக்கிறீர்கள், நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். உன் தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டவளும் நான்தான். நான் இறங்க முடியும் என்று தெரிந்தால் நீ போய்விடுவாய். எனக்கு அது ஒன்றுதான் பயம். இந்த வீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஊரெல்லாம் புலம்பினேன், கடைசியில் பூட்டின சாவி என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

இன்று காலையில் நீ கிளம்பிப் போனதும் செல்வியிடம் சொன்னேன், என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போ என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வுழுந்து கிழுந்து வெச்ச, உன் புள்ள என்னிய தொலச்சிடும்" என்றாள். ஆனாலும் எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினாள். முப்பத்தாறு படி. ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தேன். இடுப்பு வலித்தது, பொய்யில்லாமல் வலித்தது. மூன்று மாதமாக இறங்காமல் இருந்ததால் கால் இரண்டும் வெடவெடத்தன. பாதியில் ஒரு தடவை, திரும்பிவிடலாம் என்று அவளைக் கெஞ்சினேன். "இனிமே மேல ஏறுனாலும் அதே படிதாம்மா" என்று சொல்லிவிட்டாள். கீழே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

அந்தச் சிமெண்ட் படியில் நானே போய் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மீட்டர் ஓடுகிற சத்தம். எதிரே வேப்பமரம், மதில், தெரு. அண்ணாந்து பார்த்தேன். நம் பால்கனி தெரியவில்லை. முதல் மாடியின் சன்ஷேடு மறைக்கிறது. கேட்டருகே போய் நின்றால் தெரிகிறது, ஸ்கூட்டரருகே நின்றால் தெரிகிறது, மரத்தடியில் தெரிகிறது. செல்வியை எல்லா இடத்திலும் நிற்கவைத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் படியில் உட்கார்ந்தால் மட்டும் தெரியவில்லை. நான் தினமும் பால்கனியில் உட்கார்ந்து உனக்காகத் தெருவைப் பார்க்கிறேன், ஆறரை ஆனதும் காபி போட எழுந்து உள்ளே போய்விடுகிறேன், நீ வரும்வரை அடுப்படியிலேயே நிற்கிறேன், டிகாக்ஷன் ஆறுகிறதே என்று அலுத்துக்கொள்கிறேன். இந்தக் காம்பவுண்டில் என் கண் படாத ஒரே இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே உட்கார்ந்திருக்கிறாய். அங்கேயே உட்கார்ந்து நான் அழுதேன். செல்வி பக்கத்தில் நின்றாள். அவ்வளவு அழுத பிறகு என்னால் ஒரு விஷயம் யோசிக்க முடிந்தது. நீ ஓடிப்போக நினைத்திருந்தால் என்றைக்கோ போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தாறு படி ஏறி வந்து, என்னிடம் சிரித்திருக்கிறாய்.

அதனால் உன்னை நான் எதற்கும் மன்னிக்க வேண்டியது இல்லை. நீ என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை மலைக்குப் போன பிறகு, ஆற அமர, உன் வசதிக்கு முடிவு செய். அவசரமே இல்லை. இங்கே வேண்டியதைப் பேசிவிட்டேன். செல்வி காலையிலிருந்து ராத்திரி எட்டு வரை இருப்பாள், வேறு இரண்டு வீட்டை விட்டுவிட்டு வருகிறாள். அசோக் நகர் சித்திக்குப் போன் செய்து, சனி ஞாயிறு வந்து தங்கு என்று சொல்லிவிட்டேன். உன் சித்தி வந்தால் என் பிராணனை வாங்குவாள், ஆனாலும் சமாளிப்பேன். படிக்கட்டின் சுவர்ப் பக்கமும் கைப்பிடி போட வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். தினமும் ஒரு தடவை இறங்கி ஏறுவதாக அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் போனில் சத்தியம் செய்தேன், உண்மையையும் சொன்னேன். "தெரியும் ஆன்ட்டி" என்றாள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, நான் மட்டும்தான் பெரிய நடிகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் உன்னை ஒளிந்து பார்த்தது மாதிரி ஆகிவிட்டது, அது எனக்குப் பிடிக்கவில்லை. மரநாய்ப் படத்தை மட்டும் வைத்திருக்கிறேன். கேமராவை அவிழ்த்துத் துடைத்து உன் அலமாரியில் வைக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டு போ. அவர்கள் பெரிய கேமராக்கள் கொடுப்பார்கள், இருந்தாலும் இது உன்னுடையதாக இருக்கட்டும். கிழக்கையோ மேற்கையோ பார்த்துக் கட்டாதே, வெயில் நேரே விழுந்து படம் வெளுத்துப்போகும். முன்னால் ஆடுகிற கிளையை, புல்லை ஒடித்துவிட்டுக் கட்டு, என் நைட்டிக் கதை உனக்கு மறக்காது. ரப்பர் மூடியை அழுத்தி மூடு, இல்லாவிட்டால் எறும்பு உள்ளே குடிவந்துவிடும். அட்டை ஏறாமல் காலுறையை மேலே இழுத்துப் போடு. யானை வருகிற வழியில் வீரம் காட்டாதே. உனக்குப் பிடித்த பெண் யாராவது கிடைத்தால், அவளிடம் உன் அம்மாவைப் பற்றி உண்மையைச் சொல், நான் கோவித்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். இந்தக் கடிதத்தை எழுதியவள் இன்றைக்கு நல்ல புத்தியோடு இருக்கிறாள். இது எத்தனை நாள் நிற்கும் என்று எனக்கே தெரியாது. நீ போன பத்தாம் நாளோ, முதல் மழையிலோ, சித்தி ஏதாவது சொல்லி நான் முகம் சுருங்கிக் கிடக்கும்போதோ, உனக்குப் போன் செய்வேன். உடம்பு முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, வந்துவிடு கண்ணா என்று அழுவேன். உன் அப்பா மேல் சத்தியம் வைத்துக்கூடக் கூப்பிடுவேன். என்னை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அழுகை கேட்க நிஜமாகவே இருக்கும், அழும்போது நானும் அதை நம்புவேன். நீ உடனே பையைத் தூக்காதே. போனை வைத்துவிட்டுச் செல்விக்குப் பேசு. அவள் வா என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறி வா.

நான் கூப்பிட்டால் வராதே.

அம்மா